மேல் அம்புக்குறியை அழுத்தினால் எது வரலாம், எது வரக்கூடாது?

ஒரு சர்வரைப் பாதுகாப்புச் சோதனைக்கு எடுத்தால், லாக் கோப்புகளுக்கு முன்பே நான் பார்ப்பது ஹோம் டைரக்டரியில் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளை. பைத்தான், நோட், மைஎஸ்கியூஎல் எனக் கட்டளைகளை நேரடியாக அடித்து ஓட்டும் ஒவ்வொன்றும், நாம் அடித்ததை அங்கே ஒரு ஹிஸ்டரி கோப்பில் எழுதி வைத்திருக்கும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய வரிகள் வருவது இதிலிருந்துதான். என்கிரிப்ஷன் எதுவும் கிடையாது, வெறும் டெக்ஸ்ட்தான்.

புரோகிராமில் ஒரு ரகசியமும் இருக்காது. ஆனால் அவசரத்துக்கு யாராவது பைத்தானைத் திறந்து, டேட்டாபேஸ் கனெக்ஷன் வரியில் பாஸ்வேர்டை மேற்கோள்குறிக்குள் அடித்து, வேலையை முடித்துப் போயிருப்பார். அந்த வரி அப்படியே கிடக்கும். 2014-இல் வந்த 3.4 முதல் பைத்தான் யாரும் கேட்காமலே ஹிஸ்டரியைச் சேமிக்கிறது.

சேமிப்பது தப்பில்லை. நேற்று போராடி ஓடவைத்த வரி இன்று மேல் அம்புக்குறியில் வந்தாக வேண்டும். ஆனால் அதிலும் பைத்தான் வெகுகாலம் படுத்தியது. பத்து வரி ஃபங்ஷனில் ஒரு எழுத்தைத் திருத்த, பத்து வரியையும் ஒவ்வொன்றாக மேலே தேடி எடுத்து எண்டர் தட்ட வேண்டும். இன்டர்ப்ரெட்டருக்கு அது ஒரே கட்டளை, ஹிஸ்டரிக்கு மட்டும் பத்து! 2024 அக்டோபரில் வெளியான 3.13-இல்தான் முழு பிளாக்காகத் திரும்பி வருகிறது. பைத்தானையே கூடுதல் வசதிகளோடு தரும் ஐபைத்தானைப் பயன்படுத்துபவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், அவர்களுக்கு இது பழைய வசதி.

சரி, எதைச் சேமிக்கக்கூடாது? லினக்ஸில் கட்டளைகளை அடிக்கும் பாஷில், அதற்கான செட்டிங் இருந்தால், வரியின் முன்னால் ஒரு இடைவெளி விட்டால் ஹிஸ்டரியில் ஏறாது. உபுண்டுவில் இது ஏற்கெனவே செட் செய்யப்பட்டிருக்கும். மைஎஸ்கியூஎல் கிளையன்ட், பாஸ்வேர்ட் என்ற சொல் வரும் கட்டளைகளைத் தானாகவே விட்டுவிடும். பைத்தானில் இடைவெளித் தந்திரம் எடுபடாது, அங்கே வரியின் தொடக்க இடைவெளிக்கே இலக்கணம் உண்டு. ‘இந்த ஒரு வரியைப் பதியாதே’ என்று சொல்ல ஒரு ஷார்ட்கட் கீ இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். அதுவரை பைத்தானோடே வரும் கெட்பாஸ் (getpass) மாட்யூலைப் பயன்படுத்துங்கள். அது பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்டு வாங்கும். திரையிலும் தெரியாது, ஹிஸ்டரியில் கெட்பாஸை அழைத்த வரி மட்டுமே நிற்கும்.

ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா? பைத்தான் திறந்திருக்கும்போதே கோப்பை அழித்துப் பயனில்லை. வெளியேறும்போது மெமரியில் இருப்பதை மறுபடி எழுதிவிடும். முதலில் வெளியேறுங்கள், அப்புறம் அந்த வரியை நீக்குங்கள். பாஸ்வேர்டையும் மாற்றியே ஆக வேண்டும், பழைய கோப்பு ஏதாவதொரு பேக்கப்பில் இருக்கும்.

ஆர் மொழியில் வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அதன் ஹிஸ்டரி கோப்பு வழக்கமாக ஹோமில் அல்ல, நீங்கள் வேலை செய்யும் ஃபோல்டரிலேயே விழும். கிட் (Git) பயன்படுத்தினால், எந்தக் கோப்புகளைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் கிட்இக்னோரில் அதைப் போடாவிட்டால் அடுத்த கமிட்டோடு அதுவும் போய்விடலாம்.