சண்டைக்குக் கிளம்புமுன் பத்துப் பேரை அனுப்புங்கள்

இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் அமைப்பு என்றதும் நாங்கள் போதகர்கள் பெரும்பாலும் எண்ணாகமம் 2-ஆம் அதிகாரத்துக்குத்தான் போவோம். கிழக்கே யூதா, தெற்கே ரூபன், மேற்கே எப்பிராயீம், வடக்கே தாண், நடுவில் ஆராதனைக்கான ஆசரிப்புக் கூடாரம். பிரசங்கத்துக்கு நல்ல படம். ஆனால் அது வனாந்தரப் பயணத்தில் பாளயம் இறங்கிய ஒழுங்கு. கானானுக்குள் வந்து அவரவர் பங்கு நிலத்துக்குப் பிரிந்த பிறகு, தலைக்கு மேல் ராஜாவும் இல்லாத காலத்தில், ஒரு கோத்திரத்தின் மேல் மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்தார்கள்? சபைத் தகராறுகளில் நடுவே உட்காரும் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

யோசுவா 22-ஐ எடுங்கள். ரூபனும் காத்தும் மனாசேயின் பாதிக் கோத்திரமும் யோர்தானுக்குக் கிழக்கே இருக்கிற தங்கள் நிலத்துக்குத் திரும்புகிற வழியில், ஆற்றோரம் பெரிய பலிபீடம் ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். செய்தி பரவுகிறது. கர்த்தருடைய பலிபீடம் இருக்க இன்னொன்றா, இது துரோகம் என்று மற்றவர்கள் யுத்தம் பண்ண சீலோவில் கூடிவிட்டார்கள். ஆனாலும் ஆயுதத்துக்கு முன்னால் ஆட்கள் போகிறார்கள்: ஆசாரியனின் மகன் பினெகாஸ், கோத்திரத்துக்கு ஒருவராகப் பத்துத் தலைவர்கள்.

பினெகாஸ் யார் என்று யோசித்துப் பாருங்கள். இஸ்ரவேலர் பாகால்பேயோர் என்ற அந்நிய தெய்வத்தை வணங்கிய விவகாரத்தில், குற்றம் செய்தவர்களை ஈட்டியால் குத்தியவர் (எண்ணாகமம் 25). அவரை யாரும் ‘விட்டுக்கொடுக்கிற ஆள்’ என்று சொல்ல முடியாது. அதனால் அவர் சமாதானம் என்றால் கோபமாக இருப்பவர்களும் நம்புவார்கள். நம் கமிட்டிகள் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றன. எல்லோருக்கும் நல்லவரான ஒருவரை அனுப்புகிறோம், திரும்பி வந்ததும் ‘அவரை மடக்கிட்டாங்க’ என்கிறோம்.

போனவர்கள் கடுமையாகத்தான் பேசினார்கள். ஆனால் கூடவே, உங்கள் தேசம் தீட்டானது என்று நினைத்தால் இந்தப் பக்கம் வாருங்கள், எங்கள் நடுவிலேயே நிலம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள் (வசனம் 19). குற்றம் சாட்ட வந்தவர்கள் தங்கள் பங்கில் இடம் தர முன்வந்தார்கள். அதற்குப் பிறகுதான் எதிர்த் தரப்பு மனதில் இருந்ததைச் சொல்கிறது. இந்தப் பீடம் பலிக்கு அல்ல, சாட்சிக்கு. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளிடம், யோர்தானே எல்லை, கர்த்தரிடத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் கட்டினோம் என்கிறார்கள்.

இதே மாதிரி ஒன்றை ஒரு சேகரத்தில் (ஒரே போதகரின் கீழ் உள்ள சபைகளின் தொகுப்பில்) பார்த்தேன். ஆள் அடையாளம் வேண்டாம். கிளைச் சபையார் தங்களுக்கென்று தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்கு இடம் வாங்கினார்கள். ‘பிரிஞ்சு போகப் பார்க்கிறாங்க’ என்று தாய்ச்சபையில் பேச்சு. வாட்ஸ்அப்பில் பழைய கணக்கெல்லாம் கிளம்பியது. உட்கார்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது, முன்பு ஓர் அடக்கத்தின்போது யாரோ ‘எங்க கல்லறையில உங்களுக்கு என்ன இடம்’ என்று கேட்டிருக்கிறார். அதன் பின்னால் இருந்தது சாதிதான், சுற்றி வளைப்பானேன்.

‘இஸ்ரவேலிலும் கோத்திரம் இருந்ததே ஐயா’ என்று சாதிக்குத் துணை தேடுகிறவர்களும் உண்டு. கானானை வேவு பார்க்க யூதா கோத்திரத்தின் சார்பில் போனவன் காலேப். அவனது குடும்பத்தைக் கேனாசியர் என்கிறது வேதம். கேனாசியர் பூர்வீகத்தில் வெளியார் என்பது பல அறிஞர்களின் கருத்து. அவனுக்குக் கிடைத்ததோ யூதாவின் நடுவிலேயே எபிரோன் நகரம். கோத்திரம் சாதியைப் போலப் பூட்டிய வேலி அல்ல.

கேட்காமல் சண்டைக்குப் போனால் என்ன ஆகும் என்பது நியாயாதிபதிகள் 12-இல் இருக்கிறது. அம்மோனியரை வென்று வந்த கீலேயாத்தின் தலைவர் யெப்தாவிடம் எப்பிராயீமர் வந்து, யுத்தத்துக்கு எங்களை ஏன் கூப்பிடவில்லை, உன் வீட்டைக் கொளுத்துவோம் என்கிறார்கள். அதே யோர்தான் துறைகளில் எப்பிராயீமரில் 42,000 பேர் மாண்டார்கள். இதே எப்பிராயீமர் இதே குறையோடு முன்பு, மீதியானியரோடு போரிட்ட கிதியோனிடமும் வந்திருந்தார்கள் (8-ஆம் அதிகாரம்). அறுவடை முடிந்து நீங்கள் பொறுக்கும் மிச்சம்கூட எங்கள் முழு அறுப்பைவிட மேல் அல்லவா என்று அவர் சொன்னதும் கோபம் இறங்கிவிட்டது. யெப்தா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, நான் கூப்பிட்டேன், நீங்கள் வரவில்லை என்றார். கமிட்டிக் கூட்டங்களில் நான் அதிகம் கேட்பதும் இந்த வாக்கியம்தான்.

அப்புறம், யோசுவா 22-இன் முடிவை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பினெகாஸ் திரும்பி வந்து ஜனங்களுக்கு மறுசெய்தி சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் யுத்தப் பேச்சு நின்றது. நம்மிடமோ அறைக்குள் நான்கு பேர் சமாதானமாகிக் கைகுலுக்கி ஜெபித்துவிட்டுப் போகிறோம், வெளியே சபைக்கு ஒன்றும் தெரியாது, வதந்தி ஓடிக்கொண்டே இருக்கும். இப்போதெல்லாம் என்ன பேசி முடித்தோம் என்பதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட வார்த்தைகளில் எழுதி, அடுத்த ஞாயிறு ஆராதனை அறிவிப்புகளோடு இரண்டு ஆலயத்திலும் வாசிக்கச் சொல்கிறேன்.