படத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள்: ரயில் ஓடாத காலத்து வடக்குப் பாதையும் நம் பழைய படங்களும்

பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் பண்ணி, விவரம் எழுதி, ஆவணமாகச் சேமிப்பது என் தொழில். என்னிடம் வருகிற படங்களில் பல, இலங்கையின் வடக்கு ரயில் பாதையில், வவுனியாவுக்கு வடக்கே போரால் ரயில் ஓடாத காலத்தில், அந்தப் பாதையோரம் எடுக்கப்பட்டவை. 1990இல் நின்ற ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது 2014 ஒக்டோபரில். காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில். இடைப்பட்ட 24 வருடத்தில் தண்டவாளமும் அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்கு, கூரையாகப் போய்விட்டன. மிஞ்சியது மண்மேடு. அதில் சைக்கிள் ஓடியது, மாடு மேய்ந்தது, இடம்பெயர்ந்தவர்கள் பக்கத்தில் கொட்டில் போட்டார்கள். இன்று அதே தடத்தில் புதுப் பாதை கிடக்கிறது. அந்த 24 வருடம் அந்த இடங்கள் எப்படி இருந்தன என்று காட்ட, படங்களை விட்டால் அதிகம் எதுவும் இல்லை.

அந்தப் படங்களுக்குத்தான் இப்போது பிழையான ஊர்ப் பெயர்கள் ஒட்டப்படுகின்றன. ஒருவர் உத்தேசமாக ‘ஆனையிறவு’ என்று எழுதுவார். நாலு பேர் பகிர்ந்ததும் அதுவே உண்மை ஆகிவிடும். அதற்குப் பிறகு, உண்மையான ஊர்க்காரர் தன் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் அந்தப் படம் அவர் கண்ணில் படவே படாது. வீடும் வேலியும் போய்விட்ட ஒரு குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், படத்தை முழுசாகத் தாருங்கள். பலர் முகங்களை மட்டும் பெரிதாக்கி, ஓரங்களை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள். ஆனால் இடம் இருப்பது ஓரத்தில்தான்: பாதி தெரியும் மதகுச் சுவர், ஒரு தந்திக் கம்பம், பின்னால் கோயில் கோபுரத்தின் நுனி. வெள்ளைக் கரையோடு, அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் செய்யுங்கள். அதே பிலிம் ரோலில் எடுத்த மற்றப் படங்கள் மங்கலாக இருந்தாலும் சேர்த்து அனுப்புங்கள். ஒன்றில் தெரியாதது அடுத்ததில் தெரியும். நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது. அதிலிருந்து போட்ட பிரதிகள் சில நேரம் இடவலம் மாறி இருக்கும். ஆண்களின் சட்டைப் பையைப் பாருங்கள். எல்லோருக்கும் வலப்பக்கம் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது; அதை வைத்து வடக்கு தெற்கு சொல்ல வெளிக்கிட்டால் எல்லாமே பிழைக்கும்.

அப்புறம் நிலத்தைப் பார்க்க வேண்டும். வடக்குப் பாதையின் நல்ல குணம், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிலம் இருப்பது. புளியங்குளம், மாங்குளம் பக்கம் பாலையும் வீரையும் நிற்கிற காடு. கிளிநொச்சி, பரந்தன் வந்தால் இரணைமடுத் தண்ணீர் பாய்கிற வயல்வெளி. ஆனையிறவில் மரமே இல்லை, கடல்நீரேரியும் உப்புத்தரையும்தான். பளையில் வெண்மணலும் தென்னையும். கொடிகாமம், சாவகச்சேரியில் மா, பலா, தென்னை, பனை எல்லாம் கலந்து நிற்கும். நாவற்குழியில் திரும்பவும் நீரேரி. கோண்டாவில், இணுவில் தாண்டினால் செம்மண் தோட்டம், வாழை, புகையிலை.

மண்ணின் நிறத்தை நம்புவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பழைய கலர்ப் படங்கள் நாள்பட வெளிறிச் சிவப்பேறும். படத்தில் உள்ள வெள்ளை வேட்டியையோ படத்தின் வெள்ளைக் கரையையோ பாருங்கள். அதுவும் ரோஸ் நிறமாக இருந்தால் அந்த ‘செம்மண்’ செம்மண்ணே இல்லாமல் இருக்கலாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் செம்மண் கருஞ்சாம்பலாக விழும். வெண்மணல் வெயிலில் எரிந்து வெள்ளைத் திட்டாகிவிடும். அந்தத் திட்டைத் தண்ணீர் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

தண்டவாளம் இல்லாத படத்தில் அது ரயில் பாதைதானா என்று எப்படிச் சொல்வது? யாழ்ப்பாணக் குடாநாட்டின் தரை சுண்ணாம்புக்கல். கருங்கல் அங்கே இயற்கையாகக் கிடையாது. ஆகவே, ஊர் ஒழுங்கை மாதிரித் தெரிகிற இடத்தில் கருஞ்சல்லி சிதறிக் கிடந்தால் அது வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. தார் ரோட்டின் தடயம் இல்லையென்றால் பெரும்பாலும் ரயில் பாதைதான். இன்னொன்று, ரயில் மேடு சட்டென்று திரும்பாது. நீளமாக, மெல்ல வளையும். மேட்டுக்குப் பக்கத்தில் மண் எடுத்த பள்ளங்களும் வரிசையாக இருக்கும். மாரியில் அவற்றில் தண்ணீர் நிற்கும்.

தண்டவாளம் தெரிகிற படமென்றால் அகலத்தைப் பாருங்கள். இலங்கையின் வடக்குப் பாதை 1676 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். கடலுக்கு அந்தப் பக்கம், 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிப் பாதை மீட்டர் பாதை, இடுப்பளவு அகலம்தான். மணலும் கடலும் இரண்டு கரையிலும் ஒரே மாதிரி இருப்பதால் தனுஷ்கோடிப் படத்தைத் தலைமன்னார் என்று சொல்லிவிடுவது சுலபம். இந்த ஓர் அளவே பல நேரம் அதைத் தீர்த்துவிடும். சிலிப்பர் கொங்கிரீட்டாக இருந்து, சிக்னலும் விளக்காக இருந்தால் அநேகமாகப் புதுப் பாதை. மரக்கட்டையும் கைகாட்டிச் சிக்னலும் பழைய காலம்.

எனக்கு அதிகம் உதவுவது நிழல்தான். பாதை வவுனியாவிலிருந்து பரந்தன் வரை பெரும்பாலும் வடக்கு நோக்கிப் போகிறது. ஆனையிறவு தாண்டி வடமேற்கே சரிகிறது. கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை கிட்டத்தட்ட நேர் மேற்கு. பிறகு காங்கேசன்துறைக்குத் திரும்பவும் வடக்கு. காலையிலும் பின்னேரத்திலும் நீள நிழல் கிழக்கு மேற்காக விழும். எனவே கிளிநொச்சியில் அது பாதையைக் குறுக்கே வெட்டும், சாவகச்சேரியில் பாதையோடு நீளும், பளைப் பக்கம் சாய்வாக விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சரிந்து உதிப்பதால் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். ஆனாலும் பாதிப் பாதையையாவது கழித்துவிடலாம்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். மேட்டின் மேல் சைக்கிளோடு ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள். பின்னால் வெள்ளையாக ஒரு பரப்பு. அது நீரேரி, இடம் நாவற்குழி என்று குடும்பம் நம்பியிருந்தது. முழுப் படத்தையும் எடுத்துப் பெரிதாக்கினால், அந்த வெள்ளைக்குள் தென்னை அடிமரங்கள் நிற்கின்றன. தண்ணீர் இல்லை, மணல். நிழல் நீளம், ஆனால் மேட்டைச் சாய்வாகக் கடக்கிறது. நாவற்குழியில் அப்படி விழாது. இடது ஓரத்தில் மூலை உடைந்த மதகுச் சுவர். ரயில்வேயில் தண்டவாள வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் மனிதரையும் மரத்தையும் பார்க்கவில்லை, மதகைத்தான் பார்த்தார். “தம்பி, இது எழுதுமட்டுவாள் பக்கத்து மதகு. இந்த மூலை கோச்சி ஓடின காலத்திலேயே உடைஞ்சது” என்றார். அவர் சொன்னதை யாருக்கும் சொல்லாமல், வெளிநாட்டில் இருந்த அந்த அம்மாவின் தங்கையிடம், 1995 இடப்பெயர்வில் முதலில் எங்கே தங்கினீர்கள் என்று மட்டும் கேட்டேன். பளைக்குக் கிட்ட என்றார். படத்தின் கீழே ‘பெரும்பாலும் பளைக்கும் எழுதுமட்டுவாளுக்கும் இடையில்’ என்று எழுதினேன். மதகை நேரில் பார்த்து ஒப்பிடாதவரை ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை எடுக்க மாட்டேன்.

பெரியவர்களிடம் கேட்கும்போது “இது மிருசுவிலா?” என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே “ஓம்” என்று சொல்லிவிடுவார்கள். “இது எந்த இடம்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிறகு, ஸ்டேசனால் இறங்கினால் கடை எந்தப் பக்கம், கிணறு எங்கே என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை நில அளவைத் திணைக்களத்தின் பழைய ‘ஒரு அங்குல’ வரைபடத்தில் (ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டுவது) வைத்துப் பார்க்கலாம். குளமும் கோயிலும் கடவையும் அதில் இருக்கும். இருவரைக் கேட்பதென்றால் தனித்தனியாகக் கேளுங்கள்.

இடத்தை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: புதுப் பாதையில் ரயில் வேகமாக ஓடுகிறது, தண்டவாளத்தில் இறங்கி நின்று படம் எடுக்காதீர்கள். முகமாலைப் பக்கம் போர் முடிந்து பல வருடங்கள் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். பழைய மேட்டைத் தேடிப் பற்றைக்குள் இறங்குவதற்கு முன் ஊரவரைக் கேளுங்கள். படத்தில் உள்ளவர்கள் காணாமல் போனவர்களாகவும் இருக்கலாம். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் இடத்தையும் முகத்தையும் சேர்த்துப் பொதுவில் போடக்கூடாது.

விவரத்தைப் படத்தின் பின்பக்கம் ஓரமாக, மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும். ஊர்ப் பெயரோடு உறுதியா, பெரும்பாலுமா, ஊகமா என்பதையும், யார் எந்த ஆண்டில் சொன்னார் என்பதையும் சேருங்கள். பிறகு யாராவது வந்து திருத்தினால், முதலில் எழுதியதை அழிக்காமல் அதன் கீழே எழுதுங்கள்.