காரின் தரைக்கு கார்பெட்: ஒட்டாதீர்கள், விரியுங்கள்

போன ஐப்பசியில் கோட்டையூரிலிருந்து ஒரு போன். "தம்பி, வண்டிக்குள்ளே எலி செத்த வாடை அடிக்குது. எலியைத்தான் காணோம். ஒருநடை வந்து பாருங்க." பேசியவர் ஓய்வு பெற்ற எஞ்சினீயர். நான் காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாகக் கார் குஷன் வேலை செய்கிறவன். எலி பிடிப்பது என் தொழில் இல்லை. ஆனாலும் போனேன். அந்த வண்டியைப் பற்றி நாலு பேர் சொல்லிக் கேட்டு, பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது.

வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் நின்றது. கதவு கிடையாது, கூரை கிடையாது, முன்சக்கரங்களுக்குத் தனித்தனி மட்கார்டு. லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் வண்டியின் சாயல். காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த கார் அது. இங்கிலாந்தில் அப்போது முழு வண்டியாக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. அதனால் பலர் பெட்டியாக வாங்கித் தாங்களே கோர்த்தார்கள். 1973-க்குப் பிறகு கேட்டர்ஹாம் நிறுவனம் அதைத் தொடர்ந்து செய்கிறது. நம் ஐயா பெட்டி வாங்கவில்லை. சதுரக் குழாயை வெட்டிப் பற்றவைத்து, அதன்மேல் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து, பழைய ஆம்னி ஒன்றின் எஞ்சினையும் பின் ஆக்சிலையும் பூட்டி, ஆறு வருடத்தில் முடித்திருக்கிறார். ஆம்னி எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுவது. இந்த மாதிரி வண்டிக்குத் தோதானது.

வண்டிக்கு நம்பர் கிடையாது, தோப்புக்குள் மட்டும்தான் ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு ரோட்டில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு இரும்பை வெட்டுங்கள். பதிவான வண்டியைக்கூட ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக மாற்றினால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே வரும்.

சரி, வாடைக்கு வருகிறேன். கருஞ்சிவப்புக் கார்பெட். தரை, பக்கவாட்டு, நடு மேடு (கியர்பாக்ஸும் ஷாஃப்டும் ஓடுகிற டனல்) எல்லா இடத்திலும் சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தார். முதல் தடவை செய்தவர் கை என்று சொல்ல முடியாது. ஓட்டுநர் பக்க முனையைப் பிடித்து இழுத்தேன். அடியில் இருந்த சாம்பல் நிற ஃபெல்ட், ஊறவைத்த அவல் மாதிரி கையோடு வந்தது. அதற்கடியில் மஞ்சள் பசைத் தோல். அதை உரித்தால் குழாயில் இரும்பு பக்கோடா மாதிரி பொரிந்து நிற்கிறது; அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. ஒட்டிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. காப்பித் தட்டோடு வந்த ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேனுல்ல, கூரையில்லா வண்டிக்கு எதுக்குக் கம்பளம்னு" என்றார்கள்.

ஆச்சி சொன்னது பாதி சரி. கார்பெட் வேண்டாம் என்பது இல்லை. தகட்டுத் தரையில் கால் சுடும், ஜல்லி தெறிக்கிற சத்தம் காதைக் கிழிக்கும். ஆனால் தரையில் அதை ஒட்டக் கூடாது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எங்கள் தொழிலிலேயே பலர் ஒட்டித்தான் கொடுக்கிறோம். வேலை சீக்கிரம் முடியும், டெலிவரி அன்றைக்குப் பார்க்கவும் அழகாக இருக்கும். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் செய்தேன்.

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு துருவைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம்தான். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் சிக்ரி என்கிறோமே, அது இங்கேதான் இருக்கிறது. உலோக அரிமானம் அவர்கள் படிக்கிற பாடம். எனக்குப் புரிந்த அளவு இதுதான்: இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்து, இடையில் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அலுமினியம் கரையும். அதில் உப்பு கலந்தால் இன்னும் வேகம். தொண்டி கடற்கரைக்குப் போய்விட்டு நனைந்த காலோடு வண்டியில் ஏறியவர்களுக்கு இது பொருந்தும். பெயின்ட் உரிந்த இடத்தில் இரும்பு தனியாகவும் துருப்பிடிக்கும். ஃபெல்ட் அந்த ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்துவைத்துக் கொடுக்கிறது. மேலே கைவைத்துப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும்.

ஆகவே ரோலை விரிக்கும் முன் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். தரை காய்ந்திருக்கும்போது மூலை, இணைப்பு, ரிவெட் வரிசை எல்லாவற்றிலும் கோலப்பொடியை மெலிதாகத் தூவுங்கள். ஒருவர் வெளியிலிருந்து ஹோஸ் பிடிக்கட்டும், இன்னொருவர் டார்ச்சோடு உள்ளே பார்க்கட்டும். பொடியில் தண்ணீர் கோடு இழுத்துக்கொண்டு வரும். அந்தக் கோட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் ஓட்டை தெரியும். கோட்டையூர் வண்டியில் ஸ்டீயரிங் ஷாஃப்ட் நுழையும் துளையும், ஒரு வயர் கட்டு வருகிற துளையும் மாட்டின. இரண்டிலும் ரப்பர் குரோமெட் (துளையின் ஓரத்தை அடைக்கிற வளையம்) இல்லை.

அப்புறம் துருவைச் சுரண்டி, கம்பிப் பிரஷ் போட்டு, எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பெயின்ட், இணைப்புகளுக்கு சீம் சீலர். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்துவிட்டு "பிரைமர் போட்டாச்சு" என்பவர்களை நிறையப் பார்க்கிறேன். மேலே பெயின்ட் இல்லாத ரெட் ஆக்ஸைடு ஈரத்தை உள்ளே விடும். கூரையில்லாத வண்டி என்றால், தரையின் தாழ்ந்த இடங்களில் வடிதுளை போட்டு ரப்பர் மூடி வையுங்கள். நம் பக்கத்து வீடுகளில் வளவு முற்றத்தைக் கட்டியவர்கள் மழையே வராது என்று நினைத்துக் கட்டவில்லை. வருகிற மழை எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று பார்த்துத்தான் கட்டினார்கள்.

அடிவிரிப்புக்கு ஃபெல்ட், சணல் எதுவும் வேண்டாம். தண்ணீர் குடிக்காத மூடிய துளை ஃபோம் (கடையில் எக்ஸ்எல்பிஇ என்று கேளுங்கள்) அல்லது நைட்ரில் ரப்பர் ஷீட், ஆறு மில்லிமீட்டர் போதும். அதிர்வுச் சத்தத்துக்கு பியூட்டைல் ஷீட் ஒட்டலாம். தகடு முழுக்க ஒட்டிக் காசைக் கரைக்க வேண்டாம், ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் மூன்றில் ஒரு பங்கு பரப்பை அடைத்தாலே தகடு அடங்கிவிடும். மொட்டைமாடிக்குப் போடும் தார் ஷீட்டை மலிவு என்று காருக்குள் ஒட்டுகிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் அது இளகி நாறும்.

கார்பெட்டில், திறந்த வண்டிக்கு பாலிப்ரொப்பிலீன் நல்லது. நூல் தண்ணீரை உறிஞ்சாது, சீக்கிரம் காயும். ஆனால் 160 டிகிரி வாக்கில் உருகிவிடும். அதனால் சைலன்ஸர் குழாய் ஓடும் பக்கத்தில் வெப்பத் தகடு இல்லாமல் போடவே கூடாது. கம்பளி சட்டென்று தீப்பிடிக்காது, ஆனால் ஈரம் குடிக்கும். கானாடுகாத்தான் பக்கம் ஷெட்டில் தூங்குகிற மூடிய பழைய கார்களுக்கு அது சரி. கல்யாண மண்டபத்துக்கு வாங்கி மிஞ்சிய விரிப்பைக் கொண்டுவந்து "இதையே போடுப்பா" என்பவர்களும் வருவார்கள். காருக்குள் போடும் துணிக்குத் தீ பரவும் வேகத்தில் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 302 விதிப்படி நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ நகரக் கூடாது; நம் நாட்டில் ஐஎஸ் 15061 என்ற தரம். மண்டபத்து விரிப்பு எந்தக் கணக்கிலும் சேராது. ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கி வெளியில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

வெட்டுவதில் எல்லோரும் ஒரு தடவை செய்கிற தப்பு ஒன்று. பேப்பரில் மாதிரி எடுத்து, கார்பெட்டைப் பின்பக்கம் மேலே தெரியும்படி போட்டு, மாதிரியை அப்படியே வைத்து வெட்டுவார்கள். இடது பக்கத் துண்டு வலது பக்கத்துக்காக வந்து நிற்கும். மாதிரியின் மேல்பக்கத்தில் பெரிதாக "மேல்" என்று எழுதி, பின்பக்கம் வெட்டும்போது அந்த எழுத்து கார்பெட்டைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும்படி வையுங்கள். முடி படியும் திசைக்கு அம்புக்குறி போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ரோலில் வெட்டிய இரண்டு துண்டும் வெயிலில் இரண்டு நிறமாகத் தெரியும். முதலில் டனல், அடுத்து பக்கவாட்டு, கடைசியில் தரை. தரைத் துண்டின் ஓரம் அடித்து, மற்றவற்றின் மேல் ஒரு விரற்கடை ஏறி உட்கார வேண்டும்.

பசை டனலுக்கும் பக்கவாட்டுக்கும் மட்டும்தான். எஸ்.ஆர். என்று கேட்டு வாங்கும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் இழுபடாத அளவுக்குக் காயவிட்டு ஒட்ட வேண்டும். அடைமழை நாளில் ஒட்டாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பசைப்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பிடிப்பு வராது.

அந்த ஆவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் மதுரையில் ஒரு கடையில் வேலை பழகியபோது, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒட்டச் சொல்வார்கள், பசையில் தூசி விழக் கூடாதாம். ஒருநாள் வேன் ஒன்றில் தலைகீழாகக் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுந்தபோது தெருவில் இருந்தேன். யாரோ முகத்தில் சோடாவை அடித்திருந்தார்கள். டொலுயீன் மாதிரிக் கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல், கால் வைக்கிற பள்ளத்திலேயே தங்கும். ஒட்டுகிறவன் தலை இருப்பதும் அந்தப் பள்ளத்தில்தான். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதற்கு உதவாது. கரி கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேண்டும். வண்டியை மரத்தடிக்குத் தள்ளிவந்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பக்கத்தில் பீடி, வெல்டிங், ஹீட் கன் எதுவும் கூடாது. பிள்ளைகளை வேடிக்கை பார்க்கவும் விடாதீர்கள்.

தரைத் துண்டு ஒட்டப்படாமல் கிடந்தால் நகராதா என்று கேட்பீர்கள். நகரும், அதுதான் ஆபத்து. அதற்காகத்தான் பிரஸ் பட்டன். தரையில் நான்கு, ஓட்டுநர் பக்கம் என்றால் கூடுதலாக இரண்டு. 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் டொயோட்டாவின் லெக்ஸஸ் கார் ஒன்றில் வேறு மாடலுக்கான ரப்பர் மேட் போட்டிருந்தார்கள். அதில் ஆக்ஸிலரேட்டர் சிக்கி, வண்டி நிற்காமல் ஓடி நான்கு பேர் இறந்தார்கள். அதையொட்டி டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கம்பெனி வண்டிக்கே அந்தக் கதி. வீட்டில் கட்டிய வண்டியில் பெடல் இடைவெளியை அளந்து பார்க்க உங்களைத் தவிர ஆள் கிடையாது.

கார்பெட்டும் ஃபோமும் சேர்ந்தால் தரை ஒன்றரை சென்டிமீட்டர்கூட உயரலாம். மூன்று பெடலையும் கையால் அடிவரை அமுக்கிப் பாருங்கள். கிளட்ச் முழுதாகப் பிரிய வேண்டும். பிரேக்கில் கூடுதல் கவனம்: ஆயில் குறைந்த நாளில் அது வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும், அந்த ஆழத்துக்கும் இடம் விட வேண்டும். ஐயாவின் வண்டியில் பெடலுக்குப் பின்னால் ஃபோமையே எடுத்துவிட்டேன். குதிகால் படும் இடத்தில் ரப்பர் துண்டு தைத்தோம். கார்பெட்டின் மேல் இன்னொரு மேட் போடுகிற பழக்கத்தை ஓட்டுநர் பக்கத்திலாவது விட்டுவிடுங்கள்.

சீட், சீட் பெல்ட் போல்ட்டுகளுக்குக் கீழே கார்பெட் நசுங்கிக்கொண்டு இருக்கக் கூடாது. அன்றைக்கு முறுக்கியது முறுக்கியபடி இருக்காது. கார்பெட் அமுங்க அமுங்கப் போல்ட் தளரும். துளையைப் பெரிதாக வெட்டி, உலோகம் உலோகத்தின் மேல் உட்காரட்டும். அந்தத் துளையை டிரில் போட்டு எடுக்காதீர்கள். நூல் பிட்டில் சுற்றி, ஒரு வரியை அப்படியே உருவிக்கொண்டு போகும். புதுக் கார்பெட்டின் நடுவில் வழுக்கை விழும். பாலிப்ரொப்பிலீன் என்றால் சால்டரிங் அயர்னால் சுட்டால் ஓரமும் பிரியாது. பட்டனுக்குத் தரையில் துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஐயா வண்டியில் நாங்கள் போட நினைத்த மூன்றாவது துளை, சரியாகப் பெட்ரோல் குழாயின் தலைக்கு மேல் இருந்தது.

போன வாரம் கண்டனூர் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. கொட்டகையில் வண்டி வெறும் தரையோடு நின்றது, வடிதுளை மூடிகள் மட்கார்டின் மேல் வரிசையாக. கார்பெட் துண்டுகள் கொடியில், கண்டாங்கிச் சேலைகளுக்குப் பக்கத்தில் தொங்கின. ஆச்சி என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்: "எலி வாடை போச்சு தம்பி, அது சரி. இப்ப துணி காயப்போட எனக்குக் கொடி இல்ல. அதுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போங்க."