டீச்சர் கோபப்பட்டது கவனக் குறைபாடு உள்ள பையனுக்கு ஏன் தெரியவில்லை?

பயந்த முகத்தையும் ஆச்சரியப்பட்ட முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கண் அகலமாக விரிந்திருக்கும், புருவம் ஏறியிருக்கும். பயத்தில் புருவங்கள் ஏறுவதோடு ஒன்றையொன்று நெருங்கவும் செய்யும்; உதடுகள் பக்கவாட்டில் இழுபடும். ஆச்சரியத்தில் புருவம் வில் மாதிரி வளையும், தாடை இறங்கி வாய் திறந்துகொள்ளும். வித்தியாசம் அவ்வளவுதான். அதைப் பிடிக்கப் பார்வை புருவத்துக்கும் வாய்க்கும் போய்வர வேண்டும். நம் கண்ணோ நொடிக்கு மூன்று இடங்களில்தான் நின்று பார்க்கும். முகத்தில் உணர்ச்சி தங்குவதும் சில நொடிகளே.

உலகில் சுமார் 5 சதவீதப் பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் சிதறுவதும் துறுதுறுவென்று பொறுமையில்லாமல் இருப்பதுமான கவனக் குறைபாடு, இருப்பதாகக் கணிக்கிறார்கள். முகப் படங்களைக் காட்டி என்ன உணர்ச்சி என்று கேட்டால், இந்தப் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் அதிகம் தவறுகிறார்கள். சிரிப்பில் அவ்வளவு சிக்கல் இல்லை, வாயைப் பார்த்தாலே போதும். கோபமும் பயமும்தான் பல ஆய்வுகளில் இடறுகின்றன.

சரி, கோளாறு எங்கே? உணர்ச்சியைப் புரிந்துகொள்வதிலா, பார்ப்பதிலா? இதைப் பிரிக்க ஒரு வழி உண்டு. அதே படங்களைக் காட்டி, 'இது ஆணா, பெண்ணா' என்று கேட்பார்கள். அதிலும் அதே அளவு தவறினால் கவனம்தான் காரணம். உணர்ச்சிக் கேள்வியில் மட்டும் தவறினால் வேறு ஏதோ இருக்கிறது. ஆய்வுகள் இரண்டு பக்கமும் சாய்கின்றன. படபடவென்று பதில் சொல்லிவிடும் பழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது.

பார்வை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2005இல் மூளை ஆய்வாளர் ரால்ஃப் அடால்ஃப்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு நல்ல சாட்சி. எஸ்.எம். என்று குறிப்பிடப்படும் பெண்ணுக்கு மூளையின் இரு பக்கமும், பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்கு வகிக்கும் அமிக்டலா என்ற பகுதி சிதைந்திருந்தது. பயந்த முகம் அவருக்குப் பிடிபடவே இல்லை. கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தால், அவர் முகங்களின் கண் பகுதியைப் பார்ப்பதே இல்லை! 'கண்களைப் பாருங்கள்' என்று சொன்னதும் மற்றவர்களைப் போலவே சரியாகச் சொன்னார். சொல்வதை நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது. அவருக்கு இருந்தது ஏடிஹெச்டி அல்ல. ஆனாலும், அறிவு இருந்தும் பார்வை போகாததால் விடை தப்பலாம் என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது.

ஆய்வுக்கூடப் படங்கள் அசையாதவை, உணர்ச்சியும் அதில் தூக்கலாகவே இருக்கும். வகுப்பறையில் டீச்சரின் உதடு இறுகும் அந்த நொடியில் ஏடிஹெச்டி உள்ள பையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம். மற்ற பிள்ளைகள் கப்சிப்பென்று அடங்க, இவன் மட்டும் பேசிக்கொண்டே இருப்பான். உடனே 'திமிர்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் நம் முகத்தைப் பார்த்த பிறகு, 'எனக்குக் கோபம் வருது, நிறுத்து' என்று வாயால் சொல்லிப் பார்க்கலாம்.