நிறுத்தாத வண்டிக்கு அபராதம்: கேமரா எங்கே தவறுகிறது?

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் வசிக்கும் ஒரு தம்பதிக்கு 2021-இல் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. சுமார் 120 மைல் தள்ளியிருக்கும் பாத் நகரத்தில், பேருந்துகளுக்கு மட்டுமான தடத்தில் அவர்களுடைய வேன் போனதாம், அதற்கு 90 பவுண்ட் அபராதமாம். அவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. சாட்சியாக வைத்திருந்த படத்தைப் பார்த்தால் அதில் வண்டியே இல்லை! ஒரு பெண்மணி நடந்து போகிறார். அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டில் 'நிட்டர்' (கே-என்-ஐ-டி-டி-இ-ஆர்) என்ற ஆங்கிலச் சொல், ஏழு பெரிய எழுத்துகளில். மாட்டியிருந்த பையின் வார் எழுத்துகளுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அந்தச் சொல்லை கேஎன்19டிஇஆர் என்று கேமரா படித்துவிட்டது. தம்பதியின் வேன் எண் அதுதான். நகர நிர்வாகம் அபராதத்தை ரத்து செய்தது.

வேடிக்கையான செய்தி என்று அன்றைக்கு எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆனால் நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் கேமரா அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் பிழை கிடைக்காது. பிரிட்டனில் 2001 முதல் வரும் எண்கள் இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், மூன்று எழுத்து என்ற வரிசையில் இருக்கும். மென்பொருளுக்கும் அது தெரியும். மூன்றாவது இடத்தில் ஒற்றைக் கோடாக 'ஐ' நின்றால், அங்கே எழுத்துக்கு இடமில்லை என்பதால் அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். நான்காவது இடத்தில் பாதி மறைந்துபோன 'டி' இருந்தால், இலக்கங்களில் எது கொஞ்சமாவது ஒத்துப்போகிறது என்று தேடும். 9 என்று முடிவுக்கு வந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். பிழையைக் குறைப்பதற்காக வைத்த விதியே, எண் அல்லாத ஒன்றை எண்ணாக மாற்றிவிட்டது.

நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் இந்த நுட்பம் புதிதல்ல. 1976-இல் பிரிட்டன் காவல்துறையின் அறிவியல் ஆய்வுப் பிரிவில் பிறந்தது. அடிப்படை வேலைகள் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. படத்தில் பிளேட் இருக்கும் செவ்வகத்தைக் கண்டுபிடிப்பது, சாய்ந்திருந்தால் நிமிர்த்துவது, எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டுவது, ஒவ்வொன்றும் என்ன என்று ஊகிப்பது, கடைசியில் வரிசை விதிக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. இன்றைய நரம்பியல் வலையமைப்புகள் (படங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்கும் மென்பொருள்கள்) இவற்றில் சில படிகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்கின்றன. ஊகம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் மென்பொருள் ஒரு நம்பிக்கை மதிப்பெண் போடும். 'இது 8 ஆக இருக்க இவ்வளவு வாய்ப்பு, 3 ஆக இருக்க இவ்வளவு' என்ற கணக்குதான் அதனிடம் இருக்கிறது. நமக்கு வரும் நோட்டீஸில் அந்த மதிப்பெண் இருக்காது. எண் மட்டும், சந்தேகமே இல்லாத தோரணையில் அச்சாகியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம்மூர் எண் பெரும்பாலும் பத்து இடங்கள் கொண்டது. மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, ஆர்டிஓவுக்கு இரண்டு இலக்கம், அப்புறம் இரண்டு எழுத்து, நான்கு இலக்கம். ஓர் இடத்தைச் சரியாகப் படிக்க நூற்றுக்கு 99 வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து இடமும் சரியாக வர 0.99-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.90. அதாவது பத்து வண்டியில் ஒன்றின் எண் எங்கோ ஓரிடத்தில் பிசகும். வரிசை விதியும், வண்டி நகரும்போது எடுக்கும் பல படங்களும், மதிப்பெண் குறைந்தால் ஒதுக்கிவிடும் ஏற்பாடும் சேர்ந்து இதை வெகுவாகக் குறைக்கும். ஆனாலும் பரபரப்பான ஒரு சந்திப்பில் ஒரு நாளில் கடக்கும் வண்டிகள் எத்தனை என்று யோசித்தால், மிச்சமிருக்கும் சின்ன விகிதமே கணிசமான எண்ணிக்கையாகிவிடும்.

பிசகுவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. பிளேட்டை மாட்டிய ஸ்க்ரூவின் தலை ஓர் இலக்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். பின்னால் தொங்கும் சாக்குப்பை கடைசி எழுத்தைத் தின்றுவிடும். 8-உம் 3-உம், 5-உம் எஸ்-உம், 2-உம் இசட்-உம் சேறு பட்டால் ஒன்றாகிவிடும். 0-உம் ஓ-வும், 1-உம் ஐ-யும் குழம்பக் கூடாது என்பதற்காகவே நம் எண்களின் நடு எழுத்துகளில் ஓ-வையும் ஐ-யையும் தவிர்த்திருக்கிறார்கள். எஃப்-ஐ ஈ ஆகவும் 3-ஐ 8 ஆகவும் மை தடவி மாற்ற முடியாதபடி, எழுத்துருவையே புதிதாக வரைந்தது ஜெர்மனி. நம் பக்கத்தில் 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்பு எண் பலகையும் எழுத்து வடிவத்தை ஒரே சீராக்குகிறது. அப்பா பெயரையும் கட்சிக் கொடியையும் எண்ணோடு சேர்த்துப் பிளேட்டில் எழுதி வைக்கும் நம் வழக்கம் கேமராவுக்குப் பெரிய தலைவலி.

இரவில் வேறொரு விஷயம் நடக்கிறது. வழக்காடப் போகிறவருக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன். பிளேட்டின் மேற்பரப்பு, தன் மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வகை. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடித்தால், பிளேட் மட்டும் பளீரென்று தெரியும்; வண்டியின் உடல் இருட்டில் கரைந்துவிடும். எண்ணைப் படிக்க இதைவிட நல்ல படம் கிடையாது. ஆனால் அதே படத்தில் வண்டி என்ன நிறம், எந்த மாடல், ஏன், காரா ஆட்டோவா என்பதுகூடத் தெரியாமல் போகலாம். அதனால்தான் பல இடங்களில் இரண்டு கேமரா வைக்கிறார்கள். ஒன்று எண்ணுக்கு, இன்னொன்று முழு வண்டியை வண்ணத்தில் எடுப்பதற்கு. தவறான வண்டிக்கு வந்த அபராதத்தை மறுக்க இந்த இரண்டாவது படம்தான் உதவும். நோட்டீஸோடு பிளேட்டின் நெருக்கப் படம் மட்டும் வந்திருந்தால், முழுப் படத்தைக் கேட்க வேண்டும்.

நோ பார்க்கிங் சலானில் நிலைமை கொஞ்சம் மாறும். நிற்கும் வண்டிக்குப் பெரும்பாலும் தானியங்கிக் கேமரா வேண்டியதில்லை. காவலர் கையில் இருக்கும் இ-சலான் கருவியில் எண்ணைத் தட்டச்சு செய்து, ஒரு படமும் எடுத்துக்கொள்கிறார். வெயிலில், ஹாரன் சத்தத்தில், பக்கத்தில் ஒருவர் வாதம் பண்ணிக்கொண்டிருக்கும்போது. இங்கே கண் தவறுவதைவிட விரல் தவறுவதுதான் அதிகம். 4716 என்பது 4176 ஆகிவிடும். அந்த எண்ணிலும் எங்கோ ஒரு வண்டி ஓடிக்கொண்டிருக்கும். பிரச்சினையின் வேர் இதுதான். நம் எண் வரிசை அடர்த்தியானது. ஓரிலக்கம் மாறினாலும் அநேகமாக வேறொருவரின் செல்லுபடியாகும் எண் கிடைத்துவிடும். கருவிக்குச் சந்தேகம் வரக் காரணமே இருக்காது.

இதற்கு ஒரு நாடு அழகான தீர்வு வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் ஓடும் வண்டிகளைக் கவனித்தால், எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து தனியாக நிற்கும். அது முன்னால் உள்ளவற்றைக் கணக்குப் போட்டு வரும் சரிபார்ப்பு எழுத்து. எஸ்ஒய்ஒய் 4816 என்று ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்தை விட்டுவிட வேண்டும். ஒய் என்பது 25-ஆவது எழுத்து. இரண்டு 25-களையும், அடுத்து வரும் 4, 8, 1, 6 ஆகியவற்றையும் வரிசையாக 9, 4, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் 225, 100, 20, 32, 3, 12 சேர்ந்து 392. அதை 19-ஆல் வகுத்தால் மீதி 12. மீதி 12-க்கு உரிய எழுத்து ஜே. ஆக முழு எண் எஸ்ஒய்ஒய் 4816 ஜே. இதில் 8-ஐ 3 என்று யாராவது படித்தால் கூட்டுத்தொகை 372 ஆகி, மீதி 11 வந்து, கடைசி எழுத்து கே ஆக இருந்திருக்க வேண்டும். பிளேட்டில் ஜே இருக்கிறது. அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

19 ஒரு பகா எண் என்பதில்தான் சூட்சுமம். எந்த ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கூட்டுத்தொகையில் வரும் வித்தியாசம், 10-க்குக் குறைவான இரண்டு எண்களின் பெருக்கற்பலனாகத்தான் இருக்கும். அது 19-ஆல் மீதியின்றி வகுபட வழியே இல்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அதே கதைதான். 4816-ஐ 4186 என்று தட்டினாலும் மாட்டிக்கொள்ளும். எழுத்துகளில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. 19 இடம் தள்ளியிருக்கும் ஜோடிகள், உதாரணமாக ஜி-யும் இசட்-உம், ஒன்றுக்கொன்று மாறினால் கணக்கு கண்டுகொள்ளாது. நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இப்படியொரு சரிபார்ப்பு இலக்கம்தான். வண்டி எண்ணுக்கு மட்டும் நாம் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் விரல் தவறும் சலான்களில் பெரும்பாலானவை கருவியைத் தாண்டியே வந்திருக்காது.

படிப்பதில் பிழையே இல்லாமலும் தவறான ஆளுக்கு அபராதம் போகலாம். 1979-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவர், விருப்ப எண் கேட்கும் படிவத்தில் முதல் இரண்டு விருப்பங்கள் கிடைக்காவிட்டால் எண்ணே வேண்டாம் என்ற அர்த்தத்தில், மூன்றாவதாக 'நோ பிளேட்' என்று எழுதினார். அதிகாரிகள் அதையே பிளேட்டாக அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பிளேட் இல்லாமல் நின்ற வண்டிகளுக்கு அபராதம் எழுதும்போது காவலர்கள் எண்ணுக்கான கட்டத்தில் 'நோ பிளேட்' என்றுதான் எழுதுவது வழக்கம். கணினி இரண்டையும் பொருத்திப் பார்த்து, கலிஃபோர்னியா முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 2,500 பார்க்கிங் அபராதங்களை அவர் வீட்டுக்கு அனுப்பியது. நாற்பது ஆண்டு கழித்து, அதே மாநிலத்தில் 'நல்' (என்-யு-எல்-எல்) என்று பிளேட் வாங்கிய ஒரு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளருக்கும் இதே கதி. கணினி மொழியில் அந்தச் சொல்லுக்கு 'இங்கே ஒன்றுமில்லை' என்று பொருள். எண் விட்டுப்போன அபராதங்கள் எல்லாம் அவர் தலையில் விழுந்து 12,049 டாலர் வரை ஏறின. அவர் விளையாட்டாகத்தான் அந்த எண்ணைக் கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கதைகளில் எல்லாம் கணினி பார்த்தது வெறும் எழுத்துச் சரத்தை. வண்டியை அது பார்க்கவே இல்லை. 'நான் அங்கே போகவில்லை' என்று மறுப்பது பலவீனமான வாதம். எண் சொல்லும் வண்டியும் படத்தில் இருக்கும் வண்டியும் வேறு என்று காட்டுவதுதான் பலமானது. வண்டிப் பதிவுகளை அரசு வைத்திருக்கும் 'வாகன்' தரவுத்தளத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் வண்டியின் வகை, தயாரிப்பாளர், மாடல், நிறம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஸ்கூட்டி வைத்திருப்பவருக்குக் கார் நிறுத்தியதற்காக சலான் வந்தால், படத்தையும் ஆர்சியையும் பக்கத்தில் வைத்தாலே விவகாரம் முடிந்தது. (இந்த ஒப்பீட்டைக் கருவி தானே செய்யலாமே என்று கேட்டால், செய்யலாம்தான்.)

2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 167ஏ விதி, கேமரா மூலம் பதியும் வழக்குகளுக்குச் சில கட்டுப்பாடுகளை வைக்கிறது. நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். படத்தில் குற்றமும் நம்பர் பிளேட்டும் தெரிய வேண்டும். நாள், நேரம், இடம் இருக்க வேண்டும். கருவிக்கு மாநில அரசு நியமித்த அமைப்பின் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சலான் முடியும்வரை மின்னணுப் பதிவை அழிக்கக் கூடாது. அதனால் முழுப் படம் இல்லை என்று யாராவது கையை விரித்தால், இந்த விதியைச் சொல்லிக் கேட்கலாம். மறுப்பை இ-சலான் தளத்தில் புகாராகப் பதியலாம். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது இணையவழி நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், அங்கே அபராதம் கட்டும் வழிக்குப் பக்கத்திலேயே வழக்காடும் வழியும் இருக்கும். ஐந்நூறு ரூபாய்தானே, கட்டித் தொலைப்போம் என்று கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. அப்புறம் மறுக்க இடமில்லை, அடுத்த முறை அது இரண்டாவது குற்றமாகவும் எண்ணப்படலாம்.

படத்தில் இருப்பது அச்சு அசல் உங்கள் கார் மாதிரியே, அதே மாடல், அதே நிறம், ஆனால் உங்களுடையது இல்லை என்றால் விஷயம் வேறு. உங்கள் எண்ணை யாரோ போலியாக மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். கேமரா சரியாகத்தான் படித்திருக்கிறது. அப்போது சலானை மறுப்பதோடு நிற்காமல் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிட வேண்டும், அந்த வண்டி நாளைக்கு எதில் மாட்டும் என்று தெரியாது. வித்தியாசத்தை நிரூபிக்க, படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பார்க்க வேண்டும். பம்பரில் ஒரு கீறல், சக்கரத்தின் வடிவம், கூரையில் கம்பி இருக்கிறதா என்பது போன்றவை. உயர்பாதுகாப்பு எண் பலகையின் மேல் மூலையில் 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அசோகச் சக்கர ஹாலோகிராமும், கீழே லேசரில் பொறித்த தனி எண்ணும் இருக்கும். தெருக் கேமராவில் அந்த லேசர் எண்ணைப் படிக்க முடியாது, ஆனால் ஹாலோகிராமோ 'இந்தியா' முத்திரையோ இல்லாத வெறும் பிளேட் சில சமயம் தெரிந்துவிடும். முன் கண்ணாடியில் ஒட்டும் மூன்றாவது பதிவு ஸ்டிக்கரையும் பாருங்கள். பெட்ரோல், சிஎன்ஜி வண்டிக்கு அது வெளிர்நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. உங்களுடையது பெட்ரோல் கார், படத்தில் ஆரஞ்சு ஸ்டிக்கர் என்றால், அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக அச்செடுத்து ஆர்சி நகலோடு இணைத்துக் கொடுங்கள்.