பளபளக்கும் பெயின்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் துரு

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பானட்டையும் பெயின்ட்டையும்தான். ஆனால் காரைத் தின்றுவிடும் துரு பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் வெளியே வருகிறது. கதவின் கீழ் ஓரத்தில் பெயின்ட் கொப்புளமாகப் புடைத்துத் தெரிகிறதென்றால், பின்புறம் தகடு ஏற்கெனவே அரித்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஏன் இப்படி? இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். அப்படியானால் காற்று நன்றாகப் படும் இடம்தானே முதலில் அரிக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. இரண்டு தகடுகளை ஒட்டவைத்து வெல்டிங் செய்த இடுக்கில் நீர் புகுந்தால், இடுக்கின் வாயில் ஆக்சிஜன் அதிகம், உள்ளே குறைவு. இந்த வேறுபாடே அந்த இடத்தைச் சின்ன மின்கலமாக்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரையும். அந்த எலக்ட்ரான்களை வாய்ப்பக்கம் உள்ள ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். நீரில் உப்பு கலந்திருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும், அரிப்பும் வேகமெடுக்கும். உருவாகும் துரு, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் பெயின்ட்டைத் தூக்கிவிடுகிறது. அப்போதுதான் நம் கண்ணுக்குப் படுகிறது.

ஆகவே துருவைத் தேட வேண்டுமென்றால், நீர் எங்கே இறங்கும், எங்கே தேங்கும் என்று யோசியுங்கள். மழைநீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும். கதவைத் திறந்து, குனிந்து, அந்தத் துளைகளைப் பாருங்கள். மண்ணும் சருகும் அடைத்திருந்தால் கதவின் அடிப்பகுதி பல காலம் ஈரத்திலேயே ஊறியிருக்கும். அந்த மடிப்பில் விரலை ஓட்டினால் செதில் செதிலாக உதிர்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

கதவுகளுக்குக் கீழே, காரின் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியில் இன்னும் கவனம் தேவை. தனிச் சட்டகம் இல்லாத கார்களில் பாரம் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடமோ, பட்டி (பள்ளத்தை மறைக்கப் பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பசை) வைத்து நிரப்பிய இடமோ மந்தமாகக் கேட்கும். ஜாக்கி வைக்கும் இடம் நசுங்கியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பட்டியைக் கண்டுபிடிக்க, மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் போதும். தொழிற்சாலைப் பெயின்ட் சுமார் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் தடிமன்தான், அதைத் தாண்டிக் காந்தம் இழுக்கும். கனமான பட்டி இருந்தால் பிடி தளரும். அலுமினியம், பிளாஸ்டிக் பாகங்களில் காந்தம் எப்படியும் ஒட்டாது. அதனால் இடப்பக்கத்தில் சோதித்த அதே இடத்தை வலப்பக்கத்திலும் சோதித்து ஒப்பிடுங்கள்.

அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். கால்மிதியோடு அடிவிரிப்பையும் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தாலோ புழுங்கிய வாடை வந்தாலோ, எங்கிருந்தோ நீர் கசிகிறது.

முடிந்தால் காரை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பழைய காரின் அடியில் மட்டும் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். துருவைச் சுத்தம் செய்யாமல் மேலே பூசினால், ஈரமும் அதோடு சேர்ந்து அடைபட்டுவிடும்.

எல்லாத் துருவுக்கும் பயப்பட வேண்டாம். மழைக்குப் பிறகு பிரேக் டிஸ்கில் படரும் செம்மை, சில முறை பிரேக் பிடித்தாலே போய்விடும். ஆனால் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன், காரின் உடலோடு சேரும் இடத்தில் தகடு விரலுக்கு அமுங்கினாலோ, பிரேக் பைப் செதில் விட்டிருந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.