சிட்னியில் பழைய ரயில்வே ஊழியர் வீடு: பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் என்ன செய்யலாம்?

சிட்னியில் பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் விற்பனை ஒப்பந்தத்தோடு வரும் 10.7 சான்றிதழைக் (அந்த நிலத்துக்கு என்னென்ன திட்ட விதிகள் பொருந்தும் என்று கவுன்சில் தரும் சான்றிதழ்) கட்டாயம் படியுங்கள். வீடு பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் அதில் தெரியும். நேரில் போனால் அது மாளிகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரயில்வே ஊழியர் வீடு என்றால், ரயில் பாதையை ஒட்டிப் பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒடுக்கமான வராந்தா, நாலு அறை, பின்பக்கம் கூரையைச் சரித்து இறக்கிய சமையலறை என்று இருக்கும். இதில் அப்படி என்ன பாரம்பரியம்?

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முதல் ரயில் பாதை 1855 செப்டம்பரில் சிட்னிக்கும் பரமட்டா பக்கத்துக்கும் இடையே திறந்தது. நடுவே நியூடவுன், ஆஷ்ஃபீல்ட், பர்வுட், ஹோம்புஷ் நிலையங்கள். இன்று நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஹோம்புஷ் அதேதான். நேரங்கெட்ட நேரத்தில் வேலைக்குப் போக வேண்டிய கேட் கீப்பரும் தண்டவாளப் பராமரிப்பாளரும் பாதைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். ரயில் எப்படிப் புறநகரை உருவாக்கியது, அதில் வேலை செய்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தச் சின்ன வீடு நேரடிச் சாட்சி. அழகு இருந்தால் கூடுதல் லாபம், அவ்வளவுதான்.

ஓர் இடத்தின் பாரம்பரிய முக்கியத்துவத்தை மதிப்பிட மாநிலத்தில் ஏழு அளவுகோல்கள் உண்டு: வரலாறு, முக்கியமானவர்களோடு உள்ள தொடர்பு, அழகு அல்லது தொழில்நுட்பம், சமூகப் பிணைப்பு, ஆய்வுக்கு உதவும் தன்மை, அரிதாக இருப்பது, ஒரு வகைக்கு எடுத்துக்காட்டாக இருப்பது. ரயில்வே ஊழியர் வீட்டுக்குப் பெரும்பாலும் முதலாவதும் கடைசி இரண்டும்தான் பொருந்தும். ரயில்வேயே கட்டிக் கொடுத்த வீடா, ஊழியர் மனை வாங்கித் தானே கட்டிக்கொண்டதா என்பதும் முக்கியம். முன்னது நிர்வாகத்தின் கதை, பின்னது குடும்பத்தின் கதை. 1858 முதல் 1930களின் தொடக்கம் வரை வந்த சாண்ட்ஸ் டைரக்டரியில் தெருவாரியாகக் குடியிருந்தவர் பெயர் கிடைக்கும், சில இடங்களில் தொழிலும் இருக்கும். அதையும் நிலப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

பட்டியலில் வகைகள் உண்டு. மாநில அளவில் முக்கியமானவை 1977ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டத்தின் கீழ் மாநிலப் பதிவேட்டில் வரும். ஊர் அளவில் முக்கியமானவை கவுன்சிலின் திட்ட விதிகளில், ஐந்தாம் அட்டவணையில் இருக்கும். அரசு நிறுவனத்துக்கே சொந்தமான கட்டடம் என்றால் அந்த நிறுவனம் அதே பாரம்பரியச் சட்டத்தின் 170ஆம் பிரிவின்படி தனிப் பதிவேடு வைக்க வேண்டும். தனியார் வாங்கும் சாதாரண ஊழியர் வீடு அநேகமாகக் கவுன்சில் பட்டியலில்தான் இருக்கும்.

அப்படி இருந்தால் இடிப்பதற்கும், வெளித்தோற்றத்தை மாற்றுவதற்கும் கவுன்சிலின் அனுமதி வேண்டும். உள்ளே கட்டமைப்பை மாற்றுவதற்கும் சில சமயம் வேண்டியிருக்கும். பட்டியலில் வந்தாலே ஆணி அடிக்க முடியாது என்பது வீண் பயம். பராமரிப்பும் சின்னச் சின்ன வேலைகளும் அனுமதி விண்ணப்பம் இல்லாமலே முடியும். ஒரே நிபந்தனை, முன்கூட்டி எழுதிக் கேட்டு, கவுன்சில் எழுத்தில் சரி என்று சொன்ன பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பி இறங்காதீர்கள்.

பெரிய வேலை என்றால் முதலில் அந்த வீட்டின் முக்கியத்துவ அறிக்கையை, அதாவது அது ஏன் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லும் குறிப்பை, வாங்கிப் படியுங்கள். வரைபடக்காரரிடம் போவது அப்புறம். வராந்தாவும் செங்கல் புகைபோக்கியும் மேலிழுக்கும் ஜன்னலும்தான் முக்கியம் என்று அதில் எழுதியிருந்தால், பிற்காலத்தில் ஒட்டிய குளியலறையை எடுத்துவிட்டுப் பின்னால் அறை கட்டக் கேட்பதில் நியாயம் இருக்கும். முன்பக்கத்தில் மாடி எழுப்பக் கேட்டால் அநேகமாக மறுப்புதான் வரும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், சோதிக்காமல் சுரண்ட வேண்டாம்.

மாநிலப் பதிவேட்டில் உள்ள வீட்டுக்கு விதிகள் கடுமை. மழை உள்ளே வராமல், தீப்பிடிக்காமல், யாரும் புகுந்துவிடாமல் காப்பதும் அவசியமான பழுதுகளைப் பார்ப்பதும் உரிமையாளரின் சட்டக் கடமை. பாழடைய விட்டுவிட்டு ‘இனி இடிக்கத்தான் வேண்டும்’ என்று வந்து நிற்க முடியாது.

பலர் கேட்காமலே விடும் ஒன்று, நில மதிப்பு. பாரம்பரியக் கட்டுப்பாட்டைக் கணக்கில் எடுத்து மதிப்பிடும் ஏற்பாடு மாநிலத்தில் உண்டு. கவுன்சில் பட்டியலில் தனியாகக் குறிக்கப்பட்ட வீட்டுக்கு உரிமையாளர்தான் மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். மதிப்பு குறைந்தால் கவுன்சில் வரியும், நில வரி கட்டுபவராக இருந்தால் அதுவும் குறைய வழி உண்டு.